மதராஸ் பெயரில் பறந்த டிஃபையன்ட்

இந்த முறை விமானம்.

இரண்டாம் உலகப்போர் விமானம் என்றாலே எல்லோரும் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் சொல்லப்போவது அதிகம் பேர் கேள்விப்படாத 'போல்டன் பால் டிஃபையன்ட்'. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையில் டிஃபையன்ட்டை முதலில் ஓட்டிய 264ஆம் ஸ்குவாட்ரனின் பெயரோடு 'மதராஸ் பிரசிடென்சி' என்பதும் சேர்ந்திருந்தது. நம் மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்கு நன்றியாக வைத்த பெயர். 79, 234 ஆகிய ஸ்குவாட்ரன்களுக்கும் இதே பெயர்தான்.

டிஃபையன்ட் முதலில் பறந்தது 1937 ஆகஸ்டில். ஹரிக்கேனில் இருந்த அதே ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் பிஸ்டன் இஞ்சின். ஆனால் இதில் இரண்டு பேர். பைலட்டுக்குச் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது! அவருக்குப் பின்னால் ஒரு சுழலும் கூண்டு, அதில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளோடு இன்னொருவர். பைலட் ஓட்டுவார், அவர் சுடுவார். கூண்டின் பாரத்தால் வேகம் மணிக்கு சுமார் 490 கி.மீ. தான். ஹரிக்கேனை விடக் குறைவு.

ஏன் இப்படிச் செய்தார்கள்? ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் துணை இல்லாமல் வரும், பக்கத்திலேயே பறந்து நிதானமாகச் சுடலாம் என்பது கணக்கு. ஜெர்மனியிலிருந்து போர் விமானங்களால் லண்டன் வரை வந்து திரும்ப முடியாது என்பதால் அது சரியான கணக்குதான். ஆனால் 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. ஜெர்மன் போர் விமானங்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கமே வந்துவிட்டன. கணக்கு போச்சு.

அதற்கு முன்பே, மே 29 அன்று டன்கர்க் மேல் ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக 264 சொன்னது. (உண்மை எண்ணிக்கை அதைவிட ரொம்பக் குறைவு என்பது பிறகு தெரிந்தது.) ஹரிக்கேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விஷயம் புரிந்ததும் முன்பக்கமாகவும் கீழிருந்தும் தாக்க ஆரம்பித்தார்கள். ஜூலை 19 அன்று 141ஆம் ஸ்குவாட்ரனில் கிளம்பிய 9 டிஃபையன்ட்களில் 6 அழிந்தன. ஆகஸ்ட் 24 அன்று 264இன் தலைவர் பிலிப் ஹன்டரே திரும்பவில்லை. விமானம் அடிபட்டால் கூண்டுக்குள் இருப்பவர் வெளியே குதிப்பது மகா கஷ்டம். மாத முடிவில் பகல் சண்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன்பின் இரவு நேரக் காவலில் டிஃபையன்ட் நன்றாகவே வேலை செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. 1939 செப்டம்பரில் இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தபோது நம்மை யாரும் கேட்கவில்லை. அதை எதிர்த்து அக்டோபரில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது. போருக்கு ஆளும் கொடுக்காதே, பணமும் கொடுக்காதே என்று பேசி 1940இல் தனிநபர் சத்தியாகிரகிகள் சிறைக்குப் போனார்கள். அதே மாகாணத்தின் பெயர்தான் ஸ்குவாட்ரனுக்கு! அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த எங்கள் திருப்பத்தூரும் அந்தப் பெயருக்குள் அடக்கம்.

ஹிட்லர் தோற்றது நல்லது, அதில் சந்தேகமே இல்லை. அந்தக் கூண்டுக்குள் செத்த பையன்கள் நம் வயதுக்காரர்கள். அவர்களுக்காகவும் வருத்தப்படலாம், கேட்காமலே நம்மைப் போரில் சேர்த்தது தப்பு என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை என்பது என் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?