ரேணிகுண்டா பாதையில் மில்லும் தறியும்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில் பாதையில் நெசவையும் நூலையும் நம்பிய ஊர்கள் பல உண்டு. திருப்பதிக்குப் போகிறவர்கள் மலை எப்போது தெரியும் என்ற நினைப்பிலேயே அவற்றைத் தாண்டிவிடுவார்கள்.

ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி நகரிப் பக்கம் நடந்தால் விசைத்தறிச் சத்தம் கூடவே வரும். பல வீடுகளில் முன்கட்டில் தறி, பின்கட்டில் அடுப்பு. இங்கே வளர்ந்தவர்களின் சின்ன வயது நினைவில் அப்பா வேலைக்குக் கிளம்பும் காட்சியே இராது. ஆயா தார்க்குச்சியில் ஊடைநூல் சுற்றுவார், அம்மா அறுந்த இழையை முடிவார், பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குக் காலித் தார்க்குச்சிகளைப் பொறுக்கும் வேலை காத்திருக்கும். தறி ஓடும்போது பேச்சு எடுபடாது, எல்லாம் சைகைதான். கரண்ட் போனால் வீட்டில் பேச்சு பிறக்கும், கூலி நின்றுவிடும். முதலாளி நூல் கொடுத்து, நெய்த அளவுக்குத்தானே காசு தருகிறார்?

பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்தே வரும். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாவதற்கு முன் இப்பகுதியின் பெரும்பகுதி வட ஆர்க்காட்டில் இருந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நகரி ஆந்திரத்திலேயே நின்றது. எல்லை மாறினாலும் பெண் கொடுத்து எடுப்பது மாறவில்லை. சாயப்பட்டறைக் கழிவுநீருக்கும் எல்லை கிடையாது: நகரி ஆற்றில் கலந்தால் கொசஸ்தலை வழியாகப் பூண்டி ஏரி வரை போகும், சென்னை குடிக்கும் ஏரி அது.

ரேணிகுண்டாவில் கதை வேறு. அங்கிருந்த திருப்பதி காட்டன் மில், 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுடைமையான 103 நலிந்த ஆலைகளுள் ஒன்று. நூற்பாலை வேலை ஷிப்டுக் கணக்கு. மில்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த மில், சங்குச் சத்தமும் கேட்டுக்கு எடுத்துப் போன சோற்றுத் தூக்கும்தான். உள்ளே நடந்ததை அப்பாவின் தலைமுடியில் ஒட்டிய பஞ்சைப் பார்த்து ஊகிக்க வேண்டும். இழை அறாதிருக்க நூற்பாலைக்குள் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். பஞ்சுத் தூசி ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் இறங்கினால், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மூச்சு இறுகும். மருத்துவம் அதைப் பிசினோசிஸ் என்கிறது.

ஆனாலும் மில்காரருக்குப் பி.எஃப். இருந்தது. தறி வீட்டைச் சட்டம் எட்டவில்லை. மின்சாரத்தில் இயங்கும் இடமானால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் செல்லும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. நாலு தறி வீடு அதில் அடங்கவில்லை. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் குடும்பமே நடத்தும் பட்டறைக்கு விலக்கு தந்தது. தார்க்குச்சி பொறுக்கிய பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளியாக ஏறவில்லை.