கார் நிற்கும் மாடியில் நமக்கும் ஓர் இடம்

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் மார்க்கெட் ஸ்திரீட். நம் முன்னோர் வாயில் அது ‘செட்டித் தெரு’. நகரத்தார் கிட்டங்கிகளில் அமர்ந்து வட்டித்தொழில் நடத்திய இடம். இன்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்குக் கோபுரங்கள்.

சிங்கப்பூரின் முதல் பலமாடி கார் நிறுத்துமிடம் 1964ல் இந்தத் தெருவில்தான் திறக்கப்பட்டது. அது இருந்த இடத்தில் இப்போது கேப்பிட்டாகிரீன் நிற்கிறது. அருகில் 1984ல் வந்த கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடம் 2017ல் மூடப்பட்டு, 51 மாடி கேப்பிட்டாஸ்பிரிங் எழுந்தது. பழைய கட்டடத்தில் கார்களோடு ஓர் உணவங்காடி நிலையமும் இருந்தது. புதிய கோபுரத்தின் 2ஆம், 3ஆம் மாடிகளில் அந்த உணவங்காடிக்கு மீண்டும் இடம் கிடைத்தது. கார்கள் நின்ற கட்டடம் போனாலும் மனிதர்கள் கூடிய இடம் தப்பியது.

இந்தப் பாடத்தோடு நம் பேட்டைக்கு வருவோம். வீவக புளோக்குகளுக்கு நடுவே நிற்கும் கார் நிறுத்துமிடங்கள் பலவும் முன்வார்ப்பு கான்கிரீட்டில் உருவானவை. தூணும் உத்தரமும் தளப்பலகையும் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு, லாரியில் வந்து, பாரந்தூக்கியால் பொருத்தப்படுகின்றன. வேலை விரைவாக முடியும். பேட்டையில் தூசியும் இரைச்சலும் குறையும்.

ஆனால் ஒரே அச்சைப் பலமுறை பயன்படுத்தினால்தான் செலவு குறையும். அதனால் எல்லாமே பெட்டிபோல் ஆகிவிடும் ஆபத்து உண்டு. அதற்கும் வழி இருக்கிறது. பள்ளக்கோடு பதித்த ஒரே பலகையைத் திருப்பித் திருப்பி வைத்தால், புள்ளிக்கோலம்போல வடிவம் மாறும். காலை வெயிலில் ஒரு நிழல், மாலையில் இன்னொன்று. விளிம்பின் அடியில் சிறு நீர்வடிக் கோடு விட்டால், மழைநீர் சுவரில் வழிந்து கறுப்புக் கறை படியாது. பக்கங்களைத் திறந்து விட்டால் புகை தானே வெளியேறும். விசிறிக்கு மின்சாரம் வேண்டாம். கைப்பிடிச் சுவர் போதிய உயரம் இருந்தால், இரவில் முகப்பு விளக்கு எதிர்வீட்டுப் படுக்கையறையில் பாயாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது மொட்டைமாடி. சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான வீடுகள் சன்னலைத் திறந்தால் கண்ணில் படுவது அதுதான். வெறும் சிமெண்டாக விட்டால் வெயிலில் கொதிக்கும். செடி வைத்தால் சூடு தணியும், தாத்தா பாட்டி நடக்கலாம், பிள்ளைகள் ஓடலாம். அங் மோ கியோவில் 2019ல் ஒரு கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடியில் கீரைப் பண்ணையே தொடங்கியது.

அடுத்தமுறை காரை நிறுத்தியதும் நேரே வீட்டுக்கு ஓடாமல், மின்தூக்கியில் மேலே போய்ப் பாருங்கள். அங்கே தோட்டம் இருந்தால் சற்று உட்காருங்கள். வெறும் சிமெண்டுத் தரை என்றால், நகர மன்றத்துக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்.