போலிப்போரும் மெய்ப்போரும்

போரைக் கண்டு அஞ்சும் மனிதன் போலிப்போரைக் கண்டு மகிழ்கின்றான். சூரசம்காரம் காணத் திரளும் கூட்டமும், சிலம்பப் பந்தயத்தைச் சூழ்ந்து ஆரவாரிக்கும் கூட்டமும் இதற்குச் சான்றாகும். இம்மகிழ்ச்சியைப் படைப்பயிற்சியோடு இணைத்த நாடும் உண்டு; அப்பயிற்சியில் நம்மவர்க்கு இடம் மறுக்கப்பட்ட வரலாறும் உண்டு.

1859ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் படையெடுப்பாரோ என்னும் அச்சம் இங்கிலாந்தைப் பற்றியது. அதன் விளைவாகத் தொண்டர் படை தோன்றியது. எழுத்தரும் வணிகரும் கைவினைஞரும் சீருடை பூண்டு, ஓய்வு வேளைகளில் துப்பாக்கி பயின்றனர். 1860 சூன் 23 அன்று இலண்டன் ஐடு பூங்காவில் ஏறத்தாழ 20,000 தொண்டர்களின் அணிவகுப்பை விக்டோரியா அரசியார் பார்வையிட்டார். ஈஸ்டர் திங்களன்று பிரைட்டன் நகரை அடுத்த குன்றுகளில் அவர்கள் இரு அணியாகப் பிரிந்து போலிப்போர் நிகழ்த்தினர். குண்டில்லா வெடிகள் முழங்கின, புகை எழுந்தது. முன்னேறுவோர் யார், பின்வாங்குவோர் யார் என்பது பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. இரயில்களில் வந்து குவிந்த மக்கள் கண்டு களித்தனர். நகைச்சுவை இதழ்கள் எள்ளி நகையாடின. ஆயினும் அவ்விளையாட்டின் அடியில் ஓர் உண்மை இருந்தது: குடிமகன் கையில் துப்பாக்கியைக் கொடுக்க அவ்வரசு அஞ்சவில்லை.

நம் மண் கண்டதோ மெய்ப்போர். 1741இல் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்டவர்மரின் படை ஒல்லாந்தரை வென்றது. சரணடைந்த டிலனாய், பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளித்தார். உதயகிரிக் கோட்டையினுள் அவர் கல்லறையின் முன் நின்றபோது, பகைவனிடமிருந்தும் கலை கற்ற நம் முன்னோரின் பெருந்தன்மையை எண்ணி வியந்தோம். ஆனால் 1809இல், தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் கிளர்ந்தெழுந்த காலத்து, ஆரல்வாய்மொழி அரண்கள் ஆங்கிலேயர் வசமாயின. திருவிதாங்கூர்ப் படையும் பெரும்பாலும் கலைக்கப்பட்டது.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பகுதிகளிலும் நிலை இதுவே. 1857இல் சென்னையில் தொண்டர் படை அமைந்தபோது அது ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் உரியதாகவே இருந்தது. 1885இல் உருசியப் படையெடுப்பு அச்சம் எழுந்தபோது, தங்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு சென்னை முதலிய நகரங்களின் கற்றோர் விண்ணப்பித்தனர், அரசு இசையவில்லை. 1886இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரசு இவ்வுரிமையைக் கோரியது. மறு ஆண்டு சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய மாநாடும் படைக்கல்வியில் இந்தியர்க்கு இடம் வேண்டும் என்றது. ஆயுதச் சட்டத்தின் கடுமையையும் எடுத்துரைத்தது. காங்கிரசின் தலைமையேற்ற முதல் இசுலாமியர் அவரே. துப்பாக்கி ஏந்தும் ஆசையன்று, 'எம்மை நம்புக' என்னும் தன்மானமே அக்கோரிக்கையின் உயிர்.

1917இல் இந்தியப் பாதுகாப்புப் படை வாயிலாகப் பல்கலைக்கழக மாணவர்க்குக் கதவு சிறிது திறந்தது. விடுதலைக்குப் பின் 1948இல் தேசிய மாணவர் படைச் சட்டம் பிறந்தது. இன்று கல்லூரி மைதானத்தில் காக்கியுடை அணிந்த நம் மாணவ மாணவியர் சாதி சமய வேறுபாடின்றி ஒரே வரிசையில் நடைபயில்வதைக் காண்கிறோம். ஒரு தலைமுறை விண்ணப்பித்தும் பெறாத உரிமையன்றோ அது! சிற்றுண்டிக்காகவும் சான்றிதழுக்காகவும் மட்டுமே அதில் சேர்வோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

போலிப்போரில் வீழ்ந்தவன் எழுந்து, தூசு தட்டி, வீட்டுக்கு உணவருந்தச் செல்கிறான். குளச்சல் மணலிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் வீழ்ந்தவர் எழவில்லை. துப்பாக்கியைப் பிடிக்கக் கற்கும் இளைஞன் இவ்வேறுபாட்டையும் கற்பானாயின், அவன் பெற்ற பயிற்சி முழுமையுறும்.