மருந்து என்னும் மங்கலம்

குற்றாலக் குறவஞ்சி தந்த திரிகூடராசப்பக் கவிராயரின் மேலகரத்தில் வாழ்வதில் நமக்குப் பெருமை உண்டு. அதனால்தானோ என்னவோ, தமிழகக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் மிகுதி என்று 2015இல் கேரளம் முறையிட்டபோது நமக்குச் சினமே முந்தியது. பாவூர்ச்சத்திரம் சந்தைக் காய் புளியரை தாண்டினால் வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்கப்படக்கூடும். நம் அடுக்களைக் கத்தரிக்காயை எவர் சோதித்தார்? புளித்தண்ணீரில் கழுவுவதோடு சரி.

வேதியியல் துறை நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு முறையை விளக்கினார். இரும்பு ஆக்சைடு நுண்துகளின் மேல், குறித்த ஒரு பூச்சிக்கொல்லி மூலக்கூறைச் சுற்றிப் பலபடிப் படலம் வளர்க்கிறார்கள். பின் அம்மூலக்கூறைக் கழுவி நீக்கினால் அதன் வடிவில் குழி எஞ்சும். காய்ச்சாற்றில் இத்துகள்களைக் கலந்தால் அதே நஞ்சு குழியில் வந்து அமரும். கலத்தின் வெளியே காந்தத்தைப் பிடித்தால் துகள்கள் ஓரம் ஒதுங்கும். சாற்றை வடித்துவிட்டு, நஞ்சைத் தனியே பிரித்து அளக்கலாம்.

ஆனால் ஒருவகைக் குழிக்கு ஒரு நஞ்சுதான் (மிஞ்சினால் அதன் பங்காளிகள்). எனவே எதைத் தேடுகிறோம் என்பது முன்பே தெரிய வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்டோம்.

"மருந்து அடிச்சதுதான் சார்."

நஞ்சை மருந்தென்பதை மங்கல வழக்குக்குச் சான்றாக வகுப்பில் சொல்லியிருக்கிறோம்.

"என்ன மருந்து?"

"அது அடிச்சவருக்குத்தான் தெரியும்."

அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வந்தோம்.