பாதம் கழுவினோம், பார்க்கவில்லை

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் பேறு ஆண்டுதோறும் குருக்களாகிய நமக்கு வாய்க்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாம் அதைச் செய்து வருகிறோம். கணக்கிட்டால் முந்நூறு பேரின் பாதங்களையேனும் தொட்டிருப்போம். தொட்டோமே தவிர எதையும் பார்த்ததில்லை என்பதை ஒரே ஒரு பாதம் நமக்கு உணர்த்திற்று. அதைப் பற்றி எழுதப் பல நாள் துணிவு வரவில்லை. இன்று எழுதுகிறோம்.

2017-ஆம் ஆண்டு. ஈக்காட்டுத்தாங்கல் மக்களும் அடங்கிய பங்கொன்றில் அப்போது பணியாற்றினோம். தாங்கல் என்றால் நீர்நிலை. பெயரில் மட்டும் நீரைத் தாங்கிக்கொண்டிருந்த அந்த ஊருக்குள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு வீடு வீடாகப் புகுந்தது. அந்நாள்களில் இடுப்பளவு நீரில் அரிசிப் பையைத் தலையில் சுமந்து சென்றவர் ஒருவர் உண்டு. கிண்டித் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று உழைத்து ஓய்வு பெற்றவர். வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினர். அவரைப் பன்னிருவருள் ஒருவராக அமர்த்தியது நமக்கு மகிழ்ச்சி தந்தது.

அன்று அவருடைய வலது குதிகாலில் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்பு இருந்தது. பட்டறை எண்ணெய் படிந்த பாதம் என்று எண்ணினோம். அவர் வேலையை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் ஊற்றினோம், துடைத்தோம், முத்தி செய்தோம், அடுத்தவரிடம் நகர்ந்தோம். பாடகர் குழுவின் பாடல் முடிவதற்குள் பன்னிருவரையும் முடிக்க வேண்டும் என்பதே அப்போது நம் கவலை.

மறு ஆண்டு வரவேண்டிய ஒருவர் வராததால் அவரே மீண்டும் வந்து அமர்ந்தார். இம்முறை கறுப்பு ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் தவிட்டு நிறம், நடுவில் ஈரமான புண். துண்டில் கசிவு ஒட்டியது. வழிபாடு முடிந்ததும் சக்கிரீஸ்துக்கு அழைத்து, "என்ன ஐயா இது?" என்று கேட்டோம். காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல பாதர், கால் ஆணி. வெள்ளத்துல நடக்கும்போது ஏதோ குத்திச்சு. பிளேடால சீவி மருந்து போட்டுக்கிட்டு வர்றேன்."

"எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருசத்துக்கு மேல. போன வருசம் நீங்களே பாத்தீங்களே பாதர்?"

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாம் பார்த்தும் ஒன்றும் சொல்லாததால் கவலைப்பட ஏதுமில்லை என்று நம்பியிருந்தார். அந்த வார்த்தை இன்றும் நம் உறக்கத்தைக் கலைக்கிறது.

சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்த மருத்துவர்கள் அது மெலனோமா என்றனர். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய் அது. தொடைக்கவட்டில் ஏற்கெனவே நெறி கட்டியிருந்தது. குதிகாலின் சதையை அகற்றி வேறிடத்துத் தோலை வைத்துத் தைத்தார்கள், நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஆயினும் நோய் நுரையீரலை எட்டிவிட்டது. 2019-ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தில் அவரை அடக்கம் செய்தோம். அந்த முள்ளோ வெள்ளமோ நோயைத் தோற்றுவித்தது என்று நாம் சொல்லவில்லை. காயந்தானே என்ற எண்ணம் நோயை மறைத்தது, அவ்வளவே.

அதன்பின் மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இறைமக்களோடு பகிர்வது நம் கடன் எனக் கருதுகிறோம்.

தோல் புற்று வெள்ளையருடைய நோய், கறுத்த தோலுக்கு வராது என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலின் நிறமி, வெயிலின் புற ஊதாக் கதிர்களைப் பெரிதும் தடுக்கிறது. ஆகவே ஐரோப்பிய வழியினரோடு ஒப்பிட்டால் இந்நோய் நமக்கு மிகக் குறைவு. ஆனால் வரும்போது எங்கே வருகிறது என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. நம்மவர்க்கு மெலனோமா பெரும்பாலும் வெயிலே படாத இடங்களில் தோன்றுகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி. 1981-இல் மறைந்த ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கும் கால் விரல் நகத்தின் அடியிலேதான் அது தொடங்கியது. நாம் கால் ஆணி என்கிறோம், நகச்சுத்தி என்கிறோம், அடிபட்ட இரத்தக்கட்டு என்கிறோம். மச்சம் என்றால் அதிர்ஷ்டம் என்றுகூட மகிழ்கிறோம். 'மச்சக்காரன்' என்று சொல்லே வைத்திருக்கிறோம் அல்லவா?

எல்லா மச்சமும் நோயன்று. மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஐயப்படத்தக்கவை எவை என்பதற்கு மருத்துவர்கள் ஐந்து அடையாளங்கள் கூறுகின்றனர். நடுவே கோடு கிழித்தால் ஒரு பாதி மறு பாதியை ஒத்திராமை. ஓரம் சீராக இன்றி நெளிந்திருத்தல். ஒரே மச்சத்தில் பல நிறங்கள். பென்சிலின் அடிப்பகுதியளவை, அதாவது 6 மில்லிமீட்டரை, மிஞ்சுதல். எல்லாவற்றிற்கும் மேலாக மாறிக்கொண்டே வருதல். வளர்வதும், நிறம் மாறுவதும், அரிப்பதும், கசிவதும் மாற்றமே. நகத்தில் கருங்கோடு பலருக்கும் இயல்பாக இருக்கும். ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டு போனால், அல்லது நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்புப் பரவினால், காட்டியே தீரவேண்டும்.

மற்ற இரு வகைகளும் உண்டு. ஒன்று பெரும்பாலும் முகத்தில் தோன்றி மெல்ல வளர்வது. பளபளக்கும் ஓரத்துடன் சிறு கட்டியாகவோ, பொருக்கு விழுந்து விழுந்து மீண்டும் திறக்கும் புண்ணாகவோ இருக்கும். அது உடலில் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவிட்டால் மூக்கையும் கண்ணிமையையும் அரித்துவிடும். மற்றது செதிள் போன்ற முரட்டுப் புண். வெயிலில் நைந்த தோலில் மட்டுமன்றி, நெடுநாள் ஆறாத புண்ணிலும் பழைய தீக்காயத் தழும்பிலும் அது தோன்றும். தழும்பில் தோன்றும் இப்புற்றுக்கு மார்ஜொலின் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் வழங்குகிறது. அடுப்பங்கரைத் தீயில் வெந்து பிழைத்த பெண்கள் எத்தனை பேர் நம் பங்குகளில் இருக்கிறார்கள்! இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின் அத்தழும்பு வெடித்துப் புண்ணானால், உடை உராய்ந்தது என்று சும்மா இருந்துவிடலாகாது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் ஆண்டுக்கணக்கில் ஆறாதிருக்கும் புண்களுக்கும் இது பொருந்தும்.

நம் வாழ்க்கை முறையோடு கலந்து வரும் புற்றையும் நம் நாட்டு மருத்துவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். 1945-இல் பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் கானோல்கரும் அவருடன் உழைத்த சூரியாபாயும் வேட்டியை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் உண்டாகும் புற்றைப் பற்றி எழுதினார்கள். பாவாடை நாடா அழுந்தும் இடத்திலும் அது வருவதைப் பின்னர் வந்தவர்கள் பதிவு செய்தனர். காஷ்மீரில் குளிருக்காகக் கங்குச் சட்டியை உடைக்குள் வைத்துக்கொள்வோருக்கு வயிற்றிலும் தொடையிலும் வருகிறது. ஆகவே நாடாவை அகலமாக வைத்துத் தளரக் கட்டுங்கள். கட்டும் இடத்தைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே நிறம் மாறித் தோல் தடித்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் படித்தபோது விவிலியத்தின் லேவியர் நூல் பதின்மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. குருமடத்தில் சலிப்போடு புரட்டிய பக்கங்கள் அவை. தோலில் தடிப்போ வெண்படலமோ கண்டவர் குருவிடம் வரவேண்டும்; குரு அதை உற்று நோக்க வேண்டும்; அது தோலைவிட ஆழமாய்த் தெரிகிறதா, மயிரின் நிறம் மாறியுள்ளதா என்று பார்க்க வேண்டும்; ஐயமெனில் ஏழு நாள் கழித்து மீண்டும் பார்த்து, பரவியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். அங்கே சொல்லப்படும் நோய் இன்றைய தொழுநோயும் அன்று, புற்றும் அன்று. தீட்டு என்று மனிதரை ஒதுக்கிய அந்தச் சட்டத்தை நம் ஆண்டவரே தம் தொடுதலால் கடந்தார். எனினும் பார், பொறு, மீண்டும் பார், பரவினால் சும்மா இராதே என்ற ஒழுங்கில் இன்றைய மருத்துவம் கற்பிக்கும் அதே கவனம் இருக்கிறது. அக்கவனத்தைக் குருவின் கடமையாக வைத்த வேதத்தைப் படித்த நாம், ஓராண்டு இடைவெளியில் இருமுறை கண்ட கறுப்பை முதன்முறை கடந்து சென்றோம். நாம் மருத்துவரல்ல என்பது உண்மையே. "இதை மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்வதற்கு மருத்துவராக இருக்க வேண்டியதில்லையே!

சிகிச்சையைப் பற்றிய அச்சமும் பலரைத் தடுக்கிறது. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சைக் கேட்காத பங்குத்தந்தை இருக்கமாட்டார். சதைத் துணுக்கைச் சோதிக்காமல் இன்ன நோய் என்று அறிய வழியில்லை. சோதனையால் நோய் பரவுவதில்லை, தாமதத்தால்தான் பரவுகிறது. தோல் புற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சுற்றிலும் சிறிது நல்ல தோலோடு சேர்த்து அறுத்தெடுப்பதே முதன்மையான மருத்துவம். தேவைப்படுவோர்க்குக் கதிர்வீச்சு தரப்படும். மெலனோமாவில் ஆழமே விதியை முடிவு செய்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் இருக்கையிலேயே அகற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமடைகின்றனர். பரவியபின் வரும் நோயாளிக்கும் இன்று வழி உண்டு. உடலின் எதிர்ப்பாற்றலைக் கட்டவிழ்த்துவிடும் மருந்துகளுக்கு அடிப்படை கண்ட ஜேம்ஸ் அல்லிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் அம்மருந்துகளின் விலை ஏழைக்கு எட்டாதது. எல்லார்க்கும் அவை பலிப்பதுமில்லை. தொடக்கத்திலேயே எடுத்துவிட்டால் அதற்கு ஆகும் செலவோ மிகச் சிறியது.

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கிண்டி வழியாகச் சற்றே சென்றால் அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரத்தை நெஞ்சில் வைத்துப் பல்லாண்டு முயன்று எழுப்பியது அது. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது. 1955 முதல் அங்கே வாழ்ந்து பணியாற்றிய மருத்துவர் சாந்தா 2021-இல் மறையும்வரை ஏழைகளின் பக்கமே நின்றார். அரசு மருத்துவமனைகளிலும் தோல் மருத்துவப் பிரிவுகள் உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. ஆகையால் பணமில்லை என்பதற்காக மறைக்க வேண்டாம்.

வருமுன் காத்தலும் எளிதே. சித்திரை வைகாசியில் நண்பகல் வெயில் சென்னையில் கடுமையானது; சாலை போடுவோரும் கட்டடத் தொழிலாளரும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அணிந்து, உச்சிப் பொழுதில் இயன்றவரை நிழலில் இருத்தல் நலம். பிறவியிலேயே நிறமியற்றுப் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் காவல் உயிர்க்காவலாகும். அவர்களுக்கு முழு உடையும் குடையும் வெயில் தடுப்புக் களிம்பும் கட்டாயம் வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்று எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்போரும் தோலை அடிக்கடி காட்டிக்கொள்ள வேண்டும். மருவையும் மச்சத்தையும் சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும், பிளேடால் சீவுவதும், அமிலம் தடவுவதும் கூடவே கூடாது. நான்கு வாரத்தில் ஆறாத புண் எதுவாயினும் மருத்துவர் பார்க்கட்டும்.

அவரை அடக்கம் செய்த மறு மாதம், மெட்ரோ நிலையத்தின் அருகே பூக்கட்டி விற்கும் மூதாட்டி ஒருவரை வழியில் கண்டோம். மூக்கோரத்தில் பொருக்கு. "எட்டு மாசமா ஆறி ஆறி வருது சாமி" என்றார். இம்முறை நாம் நகரவில்லை. மறுநாளே இளைஞர் ஒருவரைத் துணைக்கு அனுப்பினோம். மெல்ல வளரும் வகைதான். அறுவை முடிந்து அன்று மாலையே வீடு திரும்பினார். இப்போது ஒரு சிறு தழும்பு மட்டும் இருக்கிறது. அதைக் கண்டு நாம் தேறுதல் அடைகிறோம். ஆனால் அந்தக் கடைசல் தொழிலாளியின் வீட்டு வாசலைக் கடக்கும்போது அத்தேறுதல் போதவில்லை.

ஈக்காட்டுத்தாங்கலுக்கு அருகில்தான் பரங்கிமலை எழுந்து நிற்கிறது. அங்கே நாம் வணங்கும் தோமாவைச் சந்தேகப்பட்டவர் என்றே மறையுரைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். காயத்தைக் கண்ணால் காணாமல் நம்பமாட்டேன் என்றவர் அவர். ஆண்டவரும் அவரைக் கடிந்து விலக்கவில்லை. தம் கையையும் விலாவையும் காட்டினார். காயத்தைக் காட்டுவதில் ஆண்டவருக்கு வெட்கமில்லை என்றால் நமக்கு ஏன் வெட்கம்?

இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் அன்பர்கள் தங்கள் பாதங்களைக் கழுவி, விளக்கொளியில் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கையும் நகங்களையும் பாருங்கள். முதுகை வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். குனிய இயலாத தாய் தந்தையர் வீட்டில் இருப்பின் அவர்கள் பாதங்களை நீங்கள் கழுவிப் பாருங்கள். மாதம் ஒருமுறை போதும். பெரிய வியாழனில் நாமும் இனிப் பாடல் முடிவதைக் கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு பாதத்தையும் திருப்பிப் பார்த்தபின்னரே துண்டை எடுக்கிறோம்.