பாடம் எப்படிப் பாடமாகுது?

நேற்றுப் பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையில ஒரு வீட்டில,
ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுக்கிற ஒரு சேரும் ஒரு அக்காவும் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை வாதாடிச்சினம்.

இந்தியாவில ஆசிரியர் கல்விக்கான 2014 விதிமுறையோட பி.எட் ரெண்டு வருசமாச்சு. அறிவுத்துறைகளையும் பாடங்களையும் விளங்கிக்கொள்ள எண்டே அதில தனிப் பாடநெறி ஒண்டு வந்துது. தமிழ்நாட்டிலயும் படிப்பிச்சிருக்கினம். வாதம் இந்தப் பாடநெறியைப் பற்றித்தான்.

"கணித ரீச்சருக்கு இது எதுக்கு? வகுப்பு நடத்தப் பழக்குங்கோ" எண்டார் சேர்.

"இது தெரியாததாலதானே சேர் புத்தகத்தை அப்பிடியே ஒப்புவிக்கினம்" எண்டா அக்கா.

நான் அக்கா பக்கம்.

எங்கட இலங்கையையே பாருங்கோவன்.
1972 கல்விச் சீர்திருத்தத்தில வரலாறு, புவியியல், குடியியல் எல்லாம் சேர்ந்து சமூகக்கல்வி ஆச்சு.
பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஒரே விஞ்ஞானப் பாடமாச்சு.
2007 பாடத்திட்ட மாற்றத்தோட வரலாறு திரும்பவும் தனிப் பாடம்.

ஒவ்வொரு முறையும் ஆரோ இருந்து தீர்மானிச்சிருக்கினம். ஏன், ஆருக்காக எண்டு படிப்பிக்கிற ஆளுக்குத் தெரியவேணாமோ?

இதுக்கெல்லாம் நேரம் எங்க எண்டும் சேர் கேட்டார்; அது உண்மைதான். கிழமை முழுக்கப் படிப்பிச்சுப்போட்டு, சனி ஞாயிறில பட்டப்பின் டிப்ளோமாவுக்கு ஓடுற ஆக்களின்ர களைப்பு எனக்கும் தெரியும்.

ஆனாலும் வரலாற்று ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரு அறையில இருந்து, "ஒண்டு உண்மை எண்டு நீங்கள் எப்பிடி முடிவெடுக்கிறியள்?" எண்டு ஒரு மணித்தியாலம் கதைக்கட்டும். அந்த ஒரு மணித்தியாலத்தின்ர பலன் வகுப்பறையில கட்டாயம் தெரியும்.

படிப்பிக்கிற நண்பர்களே, உங்கட பயிற்சிக் காலத்தில ஆராவது இதைப் பற்றிக் கதைச்சவையோ?