தாத்தா சுட்ட ஏரோப்ளேன்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தியானதுல ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வர முடியலை. யாரும் தேடலைங்கறது வேற விஷயம் :-) போன வாரம் நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய்ட்டு வந்தேன். ஊருன்னா பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு குப்பம். இந்தப் பதிவு எங்க தாத்தாவைப் பத்தி. கொஞ்சம் பீரங்கியைப் பத்தியும். மொக்கை இல்லை, நம்பி வாங்க.

எங்க குப்பத்துல தாத்தாவுக்கு 'நேவி'ன்னுதான் பேரு. 1964-ல கடற்படையில சேர்ந்து, பத்து வருஷம் இருந்துட்டு, திரும்பி வந்து வலையைப் பிடிச்சவரு. 71 சண்டையில விக்ராந்த் கப்பல்ல இருந்தாரு. "பாகிஸ்தான் ஏரோப்ளேனை சுட்டுத் தள்ளினாரு"ன்னு சின்ன வயசுல நான் பள்ளிக்கூடத்துல விட்ட பீலாவுக்கு அளவே கிடையாது. எத்தனை ப்ளேன்னு கேட்டா ஆளுக்குத் தகுந்த மாதிரி ரெண்டு, மூணுன்னு சொல்லுவேன்.

இப்போ தாத்தாவுக்கு காது சுத்தமா கேக்கறதில்லை. நான் பெங்களூர்ல இருந்து போன் பண்ணா, "தாத்தா சாப்ட்டியா?"ன்னு நாலு தடவை கத்தணும். ஆறு மாசம் முன்னாடி ஒரு நாள் ரிலீஸ் டென்ஷன்ல இருந்தேன். நாலாவது தடவை கத்தினப்போ அது கத்தலா இல்லை, எரிச்சலா வெளிய வந்துடுச்சு. காது கேக்கலைன்னாலும் எரிச்சல் மட்டும் எப்படியோ கேட்டுடுது. அதுக்கப்புறம் போனை வாங்கறதே இல்லை. "ஆயாகிட்ட பேசு"ன்னு தள்ளி விட்டுடுவாரு. நான் வாங்கிக் குடுத்த காது மெஷின் டப்பாவோட பீரோவுல தூங்குது.

இந்த தடவை ஒரு ஐடியா பண்ணேன். கேள்வியை எல்லாம் மொபைல்ல தமிழ்ல டைப் பண்ணி, எழுத்தைப் பெருசாக்கி காட்டினேன். தாத்தா கண்ணு நல்லா தெரியும். வாயால பதில் சொல்லுவாரு. திண்ணையில உக்காந்து வலை ஊசியால கிழிசலைக் கோத்துக்கினே படிச்சாரு.

முதல் கேள்வியே நம்ம பழைய டவுட்டு. "எத்தனை ப்ளேன் சுட்ட?"

படிச்சுட்டு சிரிச்சாரு. "ப்ளேனா? இன்னாடா பேசற. துணியைத்தான் சுட்டோம்."

எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. என்னோட ஸ்கூல் பெருமை மொத்தமும் அங்கயே காலி.

விஷயம் என்னன்னா, தாத்தா வேலை பார்த்தது 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கியில. நமக்கெல்லாம் போஃபர்ஸ்னா 1987-ல கிளம்பின ஊழல்தான் ஞாபகம் வரும். அது தரைப்படையோட 155 மி.மீ. பீரங்கி. இது அதே ஸ்வீடன் கம்பெனியோட பழைய சரக்கு. 1928-ல ஸ்வீடன் கடற்படை கேட்டு ஆரம்பிச்சு, இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டன், அமெரிக்கா கப்பல் எல்லாத்துலயும் ஏறிடுச்சு. அமெரிக்காவுல கார் செய்யற கிரைஸ்லர் கம்பெனியே இதை ஆயிரக்கணக்குல செஞ்சு தள்ளிச்சு. விக்ராந்தும் அந்தக் காலத்து கப்பல்தான். 1943-ல பிரிட்டன்ல 'ஹெர்குலிஸ்'ங்கற பேர்ல கட்ட ஆரம்பிச்சு, போர் முடிஞ்சதும் பாதியில நிறுத்தி, 1957-ல நாம வாங்கி, 1961-ல சேவைக்கு வந்துச்சு. வரும்போது அதுல 16 போஃபர்ஸ் குழல்.

இந்த மாதிரி சின்ன பீரங்கி எதுக்குன்னா, கடைசி நிமிஷத்துக்கு. நம்ம விமானம், பெரிய பீரங்கி எல்லாத்தையும் தாண்டி எதிரி விமானம் கப்பல் தலைக்கு மேல வந்துட்டா, அப்போ இதுதான். அது போதாதப்போ என்ன ஆகும்னு நம்ம பக்கத்துக் கடல்லயே நடந்திருக்கு. 1942 ஏப்ரல் 9, மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மிஸ்ங்கற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். அன்னைக்கு அதுல ஒரு விமானம்கூட இல்லை. கையில இருந்தது சில விமான எதிர்ப்பு பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும்தான். ஜப்பான்காரன் 80-க்கும் மேல டைவ் பாம்பர் அனுப்பினான். கொஞ்ச நேரத்துல கப்பல் முழுகிப் போச்சு. கேப்டனையும் சேர்த்து 307 பேர். அதுக்கு மூணு நாள் முன்னாடிதான் விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு விழுந்திருந்தது.

சரி, துணி கதைக்கு வர்றேன். பயிற்சிக்கு ஒரு விமானம் நீளமான கயிறு கட்டி, ஒரு துணிக்குழாயை இழுத்துக்கிட்டு போகும். அந்தத் துணியைச் சுடணும். துணியைப் பார்த்து சுட்டா படாது. குண்டு போய்ச் சேர்றதுக்குள்ள துணி நகர்ந்துடும். அதனால முன்னாடி வெச்சு சுடணும். "ரொம்ப முன்னாடி வெச்சா இழுத்துகினு போறவன் மேல பட்டுடும், அவன் ஒயர்லெஸ்ல திட்டுவான்"னு சொல்லி குலுங்கிச் சிரிச்சாரு.

நமக்குதான் கணக்கு போடாம இருக்க முடியாதே. குண்டு குழலை விட்டு நொடிக்கு கிட்டத்தட்ட 880 மீட்டர் வேகத்துல கிளம்புது. போகப்போக வேகம் குறையும். ஒன்றரை கிலோமீட்டர் போக ரெண்டு செகண்டுன்னு தோராயமா வெச்சுக்குங்க. மணிக்கு 400 கிலோமீட்டர்ல குறுக்கே போற விமானம் அந்த ரெண்டு செகண்டுல 220 மீட்டர் போயிடும். சேபர் ஜெட் மாதிரி மணிக்கு 900-ல போனா 500 மீட்டர். ஜெட் வந்தப்புறம் கண்ணால குறி வெச்சு சுடற பீரங்கிக்கு ஏன் மவுசு குறைஞ்சதுன்னு இப்போ புரியுதா?

இதை டைப் பண்ணி காட்டினா, தாத்தா அசரலை. "வீச்சு வலை இன்னா? மடவை போற எடத்துல வீசுனா மீனா வரும்? போகப் போற எடத்துல வீசணும். இதுக்கா இவ்ளோ நம்பரு?"ன்னுட்டாரு. இன்ஜினியரிங் டிகிரிக்கு கிடைச்ச மரியாதை அவ்வளவுதான். அவ்வ்வ்.

அப்புறம்தான் அந்தக் கேள்வியை டைப் பண்ணேன். "காது எப்போ போச்சு?"

ரொம்ப நேரம் ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் வலையைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக் காமிச்சாரு.

தாத்தா குண்டு போடற ஆளு. நாலு நாலு குண்டா ஒரு கிளிப்புல இருக்கும். ஒரு கிளிப் சுமார் 9 கிலோ. பீரங்கி நிமிஷத்துக்கு 120 குண்டு துப்பும். அந்த வேகத்துல போட்டா ரெண்டு செகண்டுக்கு ஒரு கிளிப், நிமிஷத்துக்கு 270 கிலோ. வெடிக்கற இடத்துக்குப் பக்கத்துலயே நின்னு மேல இருந்து போட்டுக்கிட்டே இருக்கணும்.

"பஞ்சு வெச்சுக்குவோம். அது வேர்வையில விழுந்துடும். மத்தவன் காதைப் பொத்திக்கலாம். எனக்கு ரெண்டு கையும் கிளிப்புல இருக்குது. காதை எதால பொத்தறது?"

நான் ஒண்ணும் டைப் பண்ணலை.

71 டிசம்பர்ல ராத்திரி பகலா பீரங்கிகிட்டயே நின்னாங்களாம். விக்ராந்த்ல இருந்து ஸீ ஹாக், அலிஸே விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங்னு போய் குண்டு போட்டுட்டு வந்துச்சு. எதிரி விமானம் எப்போ வரும்னு இவங்க வானத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. அங்க இருந்தது ஒரே ஒரு சேபர் ஸ்குவாட்ரன். டாக்கா தேஜ்காவ்ன் ஓடுதளத்தை நம்ம விமானப்படை உடைச்சதுல, முதல் சில நாள்லயே அது தரையில முடங்கிடுச்சு. தாத்தா காத்திருந்த ப்ளேன் கடைசி வரைக்கும் வரவே இல்லை.

"வந்திருந்தா?"ன்னு கேட்டேன்.

"வராததே நல்லது. எனக்கும் நல்லது, அதை ஓட்டினவன் ஆத்தாளுக்கும் நல்லது. துணிக்குத்தான் காதைக் குடுத்தேன். போவட்டும்."

ரெண்டு, மூணுன்னு நான் அளந்துவிட்ட ப்ளேன் எல்லாம் அப்போ ஞாபகம் வந்துச்சு. ஒண்ணுகூட சுடாத ஆளுன்னு தெரிஞ்சப்புறம்தான் தாத்தா எனக்கு இன்னும் பெருசா தெரிஞ்சாரு. ஏன்னு சரியா சொல்லத் தெரியலை.

எங்க ஊர்ல இருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் நல்லாவே தெரியும். முப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கறதால, நெருப்பு தெரிஞ்சு ஒன்றரை நிமிஷம் கழிச்சுதான் சத்தம் வந்து சேரும். ராக்கெட் விடற அன்னைக்கு கடலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிடுவாங்க, எல்லாரும் கரையில நிப்பாங்க. தாத்தா மட்டும் நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு நிப்பாரு. சாமி கும்பிடறாருன்னு நினைச்சுட்டு இருந்தேன். சத்தம் அவருக்கு அங்கதான் கேக்குதாம். இந்த தடவைதான் சொன்னாரு.

விக்ராந்தை 2014-ல உடைக்க ஆரம்பிச்சாங்க. அந்த இரும்பைக் கொஞ்சம் கலந்து பஜாஜ் கம்பெனி 2016-ல வி15-ன்னு ஒரு பைக் விட்டாங்க, ஞாபகம் இருக்கா? சித்தப்பா பையன் செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கி வெச்சிருக்கான். நான் கிளம்பற அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதுலதான் போகணும். விஷயத்தை டைப் பண்ணி தாத்தாகிட்ட காட்டினேன். எழுந்து வந்து பெட்ரோல் டேங்க் மேல உள்ளங்கையை வெச்சாரு. தம்பி வண்டியை ஸ்டார்ட் பண்ணான். கையை எடுக்கவே இல்லை.

"ஓடுதுடா"ன்னாரு.

பெங்களூர் வந்ததும் வீடியோ கால் பண்ணேன். கேமரா முன்னாடி ஒரு நோட்டைப் பிடிச்சேன். ஸ்கெட்ச் பேனாவால கொட்டை எழுத்துல, "தாத்தா, சாப்ட்டியா?"

சாப்பிட்டாராம். மடவைக் குழம்பு.